ஃபுளோரைடு இல்லாத பற்பசை: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் காவிரி நீர் எட்டாத பகுதிகளில் டேங்கர் லாரியையும் போர்வெல்லையும் நம்பியிருப்பவர்கள், ஃபுளோரைடு மிகுந்தால் வரக்கூடிய வெள்ளைத் திட்டு குழந்தையின் முன்பல்லில் தென்பட்டதும் பற்பசையை மாற்ற நினைப்பது இயல்பே. ஆனால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்றும் இந்தியக் குடிநீர்த் தரம் சொல்கிறது. அதற்கு மேல் இருந்தால் தண்ணீரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்; காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கிவிடும்.

அதன் பிறகும் ஃபுளோரைடு வேண்டாம் என்றால், சொத்தையைத் தடுக்கும் அதன் இடத்தை எது நிரப்புகிறது என்று பாருங்கள். பல்லின் வெளிப்பூச்சான எனாமலின் பெரும்பகுதி ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் தாது. வாயில் அமிலம் கூடி, பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். ஆகவே அதே தாதுவை நுண்துகள்களாகச் சேர்த்த பற்பசைக்கே நான் முதலிடம் தருவேன். ஜப்பான் 1993லேயே இதைச் சொத்தை தடுக்கும் பொருளாக ஏற்றுக்கொண்டது. சில ஆய்வுகள் 10 சதவீத அளவைப் பயன்படுத்தியுள்ளன. சென்ற மாதம் அல்சூரில் ஒரு மருந்துக் கடையில் எட்டு டியூப்களைத் திருப்பிப் படித்தேன். ஒன்றில்தான் அந்தப் பெயர் இருந்தது, அதுவும் வாசனைப் பொருளுக்கும் பின்னால், கடைசி வரியில், அதாவது மிகக் குறைவாக. அந்த அளவு எனாமலுக்குப் போதும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

பால் புரதத்திலிருந்து எடுக்கும் சி.பி.பி.-ஏ.சி.பி. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குக் கொண்டுசேர்க்கும். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். சைலிட்டால் என்னும் இனிப்பைச் சொத்தைக் கிருமிகளால் அமிலமாக்க முடியாது என்பது நன்மைதான், ஆனால் அது தாது தராது. நாய் வளர்ப்பவர்கள் அந்த டியூபை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், நாய்க்கு அது நஞ்சு. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று வளர்ந்தவர்கள் நாம். வேம்பும் கிராம்பும் வாயைச் சுத்தமாக வைக்க உதவலாம், கரைந்த தாதுவை அவை திருப்பித் தருவதில்லை. சொரசொரப்பான கரித்தூள் எனாமலைத் தேய்த்துவிடும் என்பதால் வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சைச் சாறோ புளி ரசமோ குடித்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள். ஃபுளோரைடுக்கு உள்ள அளவு நீண்ட கால ஆய்வுச் சான்று மேலே சொன்ன மாற்றுப் பொருள்கள் எதற்கும் இல்லை. அதனால் ஏற்கெனவே சொத்தை உள்ளவர்களும், மருந்துகளால் வாய் வறண்டிருப்பவர்களும் பல் மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். மாற்றியவர்கள் ஆறு மாதத்தில் ஒருமுறை பல்லைக் காட்டி, சொத்தையின் தொடக்கமாக இருக்கக்கூடிய புதிய வெள்ளைத் திட்டு உண்டா என்று கேளுங்கள்.