லாங்செயினில் ஏஜென்ட் எழுதும்போது நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

2025 அக்டோபர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, யாரும் ஒரு வரிகூடத் தொடாத நிரல் நின்றுபோயிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை வரை ஒழுங்காக ஓடிய ஏஜென்ட், அதாவது மொழி மாடலைக் கேட்டுக்கேட்டு வேலையை முடிக்கும் நிரல். ஞாயிறு இரவு சர்வரில் டாக்கர் இமேஜ் (நிரலும் அதற்கு வேண்டிய நூலகங்களும் சேர்ந்த பொதி) புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. நிரலுக்கு வேண்டிய நூலகங்களைக் குறிக்கும் கோப்பில் லாங்செயின் (மொழி மாடல்களை வைத்துச் செயலி கட்ட உதவும் நூலகம்) என்று பெயர் மட்டும் இருந்தது, பக்கத்தில் பதிப்பு எண் இல்லை. அப்போதுதான் வெளியாகியிருந்த 1.0 வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய இம்போர்ட் வரிகள் எதுவும் கிடைக்கவில்லை என்று பைத்தான் கையை விரித்தது. அந்தக் கோப்பை எழுதியவன் நான்தான்.

பதிப்பு எண்ணைப் பூட்டாமல் விடுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. தெரிந்தே செய்கிறோம், ஏனென்றால் மற்ற நூலகங்களில் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறோம். லாங்செயின் மாதிரி ஒன்றில் அது நடக்காது. 2022 அக்டோபரில் ஹாரிசன் சேஸ் இதைத் திறந்த மூலத் திட்டமாக வெளியிட்டார். 2024 ஜனவரியில் 0.1 வருவதற்குள் பதிப்பு எண் 0.0.350ஐயும் தாண்டி ஓடிவிட்டது. பிறகு அதே ஆண்டு மே மாதம் 0.2, செப்டம்பரில் 0.3, அடுத்த ஆண்டு அக்டோபரில் 1.0. முதல் எண் பூஜ்யமாக இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான் பதிப்பு எண் மரபு. அதில் அவர்கள் பக்கம் தப்பில்லை. 2.0 வரும்வரை எதையும் உடைக்க மாட்டோம் என்று 1.0இல் சொல்லியிருக்கிறார்கள், நல்லது. ஆனாலும் நூலகங்களை நிறுவும் கருவிகளான யூவி அல்லது பொயட்ரி உருவாக்கும் லாக் கோப்பை, அதாவது ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும் பூட்டிவைக்கும் கோப்பை, நிரலோடு கிட்டில் சேர்த்துவிடுங்கள். லாங்செயினை மட்டும் பூட்டினால் போதாது. அதன் கோர், ஒவ்வொரு மாடல் நிறுவனத்துக்கும் உள்ள இணைப்புத் தொகுப்பு, ஏஜென்டின் படிகளைக் கோக்க அதே குழு தரும் லாங்கிராஃப் எல்லாம் தனித்தனியாகப் பதிப்பு ஏறுபவை.

ஒரே பெயர், இரண்டு ஆள்

ஏஜென்டை உருவாக்கும் ஃபங்ஷனின் வரலாற்றைப் பாருங்கள். முதலில் இனிஷியலைஸ் ஏஜென்ட். அப்புறம் கிரியேட் டூல் காலிங் ஏஜென்ட்டும் அதை ஓட்ட ஏஜென்ட் எக்ஸிக்யூட்டரும். அப்புறம் லாங்கிராஃபின் கிரியேட் ரியாக்ட் ஏஜென்ட். இப்போது கிரியேட் ஏஜென்ட். இதில் ஒரு வேடிக்கை: கிரியேட் ரியாக்ட் ஏஜென்ட் என்ற அதே பெயரில் லாங்செயினுக்குள்ளும் ஒன்று இருந்தது. அது எழுத்து வடிவில் யோசனை, செயல், கவனிப்பு என்று மாடலை எழுதவைத்து அலசும் பழைய முறை. லாங்கிராஃபில் இருந்ததோ மாடலின் டூல் அழைப்பை நேரடியாகப் பயன்படுத்துவது. டூல் என்றால் மாடல் கேட்கும்போது நாம் ஓட்டித் தரும் ஃபங்ஷன். இரண்டுக்கும் கொடுக்க வேண்டிய உள்ளீடுகள் வேறு. இணையத்தில் பாதி பதில்கள் ஒன்றைப் பற்றியவை, மீதி மற்றதைப் பற்றியவை.

ஏஜென்டுக்கு நாம் கொடுக்கும் அடிப்படை அறிவுறுத்தல், அதாவது சிஸ்டம் பிராம்ப்ட், அதற்கான அளவுருவின் பெயரும் இப்படித்தான். மெசேஜஸ் மாடிஃபையர், பிறகு ஸ்டேட் மாடிஃபையர், பிறகு வெறும் பிராம்ப்ட், இப்போது சிஸ்டம் பிராம்ப்ட். நம் ஊரில் தெருப் பெயர் மாறுவதைவிட வேகம்.

இதனால் வரும் தவறு, தேதி பார்க்காமல் வழிகாட்டிகளைப் பின்பற்றுவது. அதைவிட மோசமானது, ஏஐ உதவியாளரிடம் கேட்டு எழுதவைத்து அப்படியே ஏற்பது. அந்த மாடல் பயின்ற காலத்தில் பழைய நிரல்தான் மலைபோலக் குவிந்திருந்தது. நீங்கள் சும்மா கேட்டால் 2023ஐத் தைரியமாக எழுதித் தரும். ஓடவில்லை என்றால், பழைய பதிப்பை நிறுவச் சொல்லும். இன்னும் கொடுமை, இரண்டு காலத்து நிரலைக் கலந்து தரும். நான் இப்போது செய்வது: எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே சொல்லி, அந்தப் பதிப்பின் ஆவணப் பக்கத்தையும் கூடவே ஒட்டிவிட்டுத்தான் கேட்கிறேன்.

அடியில் இருப்பது ஒரு லூப்தான்

ஏஜென்ட் என்றால் என்ன என்பதை ஃப்ரேம்வொர்க்கின் சொற்களில் மட்டும் தெரிந்துவைத்திருப்பதுதான் என் கணக்கில் ஆகப் பெரிய தவறு. மற்றவை எல்லாம் இதற்குப் பிறந்த பிள்ளைகள்.

அடியில் நடப்பது இவ்வளவுதான். செய்திகளின் பட்டியலையும் டூல்களின் விவரத்தையும் மாடலுக்கு அனுப்புகிறோம். அது பதில் எழுதலாம், அல்லது இந்த டூலை இந்த உள்ளீட்டோடு கூப்பிடு என்று சொல்லலாம். கூப்பிடச் சொன்னால் நாம் கூப்பிட்டு, விடையைப் பட்டியலின் கடைசியில் சேர்த்து, திரும்பவும் முழுவதையும் அனுப்புகிறோம். டூல் கேட்காமல் பதில் வரும்வரை இதே சுற்று. எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாமல் முப்பது வரிக்குள் எழுதிவிடலாம். ஒரு மாலை ஒதுக்கி ஒரு தடவை எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு புதுப் பதிப்பில் எதற்கு என்ன பெயர் வைத்தாலும், இது அந்தச் சுற்றின் எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

செலவுக் கணக்கும் அப்போதுதான் புரியும். அறிவுறுத்தலும் டூல் விவரமும் சேர்ந்து 3,000 டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் சிறு துண்டு, பில் வருவதும் இதை வைத்துத்தான்), ஒவ்வொரு டூல் விடையும் 2,000 டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். பத்து அழைப்புக்கு 20,000, 30,000 ஆகும் என்று மனக்கணக்கு போடுவோம். ஆனால் ஒவ்வொரு முறையும் முந்தையது எல்லாம் திரும்பப் போகிறது. முதல் அழைப்பு 3,000, இரண்டாவது 5,000, பத்தாவது 21,000. கூட்டினால் 1,20,000. திரும்பத் திரும்பப் போகும் பகுதியைச் சேமித்துவைக்கும் பிராம்ப்ட் கேஷிங் விலையைக் குறைக்கும், எண்ணிக்கையைக் குறைக்காது. ஆகவே டூல் முழு டேட்டாபேஸ் வரிசையையும் கொட்டாமல் தேவையான நாலு நெடுவரிசையை மட்டும் தரட்டும்.

நம்பகமும் இப்படியே தேய்கிறது. ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரியாக நடந்தால், பத்துப் படியும் சரியாக முடிய வாய்ப்பு 60 சதவீதம்தான். படிகளின் வரிசை முன்கூட்டியே தெரியும் என்றால் ஏஜென்டே வேண்டாம். சாதாரண ஃபங்ஷன்களை வரிசையாகக் கூப்பிட்டு, மொழி புரிய வேண்டிய இடத்தில் மட்டும் மாடலைக் கேளுங்கள். வாடிக்கையாளரிடம் ஏஜென்ட் என்று சொன்னால்தான் மதிப்பு என்றால் அப்படியே சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு முறை போன மெயில்

பணம் திருப்பித் தரும் கோரிக்கைகளைக் கையாளும் ஏஜென்ட் ஒன்று. கோரிக்கையைப் படிக்கும், விதிகளைப் பார்க்கும், பரிசீலனையில் உள்ளது என்று வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பும், மேலாளர் ஒப்புதலுக்காக நிற்கும், ஒப்புதல் வந்ததும் பணத்தை அனுப்பும். நிற்பதற்கு லாங்கிராஃபின் இன்டரப்ட் வசதியைப் பயன்படுத்தினேன். மெயில் அனுப்புவதும் இன்டரப்ட்டும் ஒரே நோடுக்குள் (லாங்கிராஃபில் ஒரு படி என்பது ஒரு நோடு), அடுத்தடுத்த வரிகள்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அந்த மெயில் இரண்டு முறை போனது. இரண்டாவது, மேலாளர் பொத்தானை அழுத்திய அதே நொடியில். பணம் வந்துவிட்டது என்ற மெயிலுக்கு முன்னால் பரிசீலனையில் உள்ளது என்று இன்னொன்று.

நின்ற வரியிலிருந்தே நிரல் தொடரும் என்று நான் நினைத்திருந்தேன். இன்டரப்ட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், இன்புட் கேட்டுக் காத்திருக்கும் வரி போலவே இருக்கும். உண்மையில் அந்த நோடு முதல் வரியிலிருந்து மறுபடி ஓடுகிறது. இன்டரப்ட் வரிக்கு வந்ததும், இம்முறை நிற்காமல் மேலாளரின் பதிலைத் திருப்பித் தருகிறது. ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. நல்லவேளை, பணம் அனுப்பும் வரி இன்டரப்ட்டுக்குக் கீழே இருந்தது. மேலே இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மனநிலையில் எழுதிக்கொண்டிருப்பேன்.

தீர்வு எளிது: வெளி உலகைத் தொடும் வேலை எதுவும் இன்டரப்ட்டுக்கு முன்னால் அதே நோடில் இருக்கக் கூடாது, தனி நோடுக்கு மாற்றுங்கள். மெயில், பணம் போன்றவற்றுக்குக் கோரிக்கை எண்ணை வைத்து, ஏற்கெனவே செய்தாயிற்றா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இன்னொரு பொறியும் உண்டு. இன்டரப்ட் உள்ளுக்குள் ஒரு எக்ஸெப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை, எறிந்துதான் நிற்கிறது. எந்தப் பிழை வந்தாலும் பிடித்து லாகில் எழுது என்று அந்த நோடையே டிரை போட்டுச் சுற்றியிருந்தால், இன்டரப்ட்டையும் அது பிடித்து விழுங்கிவிடும். ஒப்புதல் கேட்காமலே ஏஜென்ட் தாண்டிப் போகும்.

எடுத்துக்காட்டு நிரல் அப்படியே சர்வருக்குப் போகும்போது

உரையாடலை நினைவில் வைக்க எல்லா எடுத்துக்காட்டுகளிலும் இன்மெமரி சேவர் இருக்கும். பெயரிலேயே இருக்கிறது, மெமரியில்தான் வைக்கிறது. சர்வர் மறுதொடக்கம் ஆனால் எல்லாம் போச்சு. நாலு வொர்க்கர், அதாவது அதே நிரலின் நாலு பிரதிகள், ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனி நினைவு. பயனர் தன் பெயரைச் சொன்னது ஒரு வொர்க்கரிடம், அடுத்த கேள்வி போய் விழுவது இன்னொன்றில். மாடலுக்கு மறதி என்று பிராம்ப்ட்டைத் திருத்திக்கொண்டிருப்போம். டேட்டாபேஸில் எழுதிவைக்கும் போஸ்ட்கிரஸ் சேவருக்கு மாறுங்கள், முதல் முறை அதன் செட்டப்பை ஓட்ட மறக்காதீர்கள்.

அதே எடுத்துக்காட்டுகளில் த்ரெட் ஐடி, அதாவது உரையாடலின் அடையாளம், என்ற இடத்தில் 1 என்று இருக்கும். அதையும் அப்படியே விட்டால் எல்லாப் பயனர்களும் ஒரே உரையாடலில் இருப்பார்கள். ஒருவருடைய முகவரியை இன்னொருவருக்கு ஏஜென்ட் அன்போடு எடுத்துச் சொல்லும். த்ரெட் ஐடியை பிரவுசரிலிருந்து வருவதை நம்பி எடுப்பதும் இதே ஆபத்துதான். உள்நுழைந்த பயனருக்குச் சொந்தமானதா என்று சர்வரில் சரிபாருங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே ஒன்று. டூலின் விடையைப் பைத்தானின் ஜேசன் டம்ப்ஸ் கொண்டு எழுத்தாக்கி அனுப்புவோம். ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகளின் பழைய பட்டியல்) அல்லாத எழுத்து ஒவ்வொன்றையும் ஆறு எழுத்துக் குறியீடாக மாற்றுவது அதன் இயல்பு. ‘தமிழ்’ என்ற சொல்லில் யூனிகோட் கணக்கில் ஐந்து குறிகள் உள்ளன: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவை 30 ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வீங்கி மாடலுக்குப் போகும். மாடல் எப்படியோ புரிந்துகொள்ளும், அதனால் நமக்குத் தெரியவே தெரியாது. டோக்கன் பில் மட்டும் ஏறும், பெயர்கள் அவ்வப்போது சிதையும். என்ஷூர் ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. மாடலுக்கு உண்மையில் என்ன போகிறது என்று ஒருநாள்கூடத் திறந்து பார்க்காததுதான் காரணம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2023இலேயே லாங்செயினின் எல்எல்எம் மேத் செயின், மாடல் எழுதியதை அப்படியே பைத்தானில் ஓட்டியதால் யார் வேண்டுமானாலும் தங்கள் நிரலை உள்ளே நுழைக்க முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-29374 என்று பதிவானது. ஏஜென்ட் படிக்கும் மெயிலோ இணையப் பக்கமோ அதற்குக் கட்டளை இடலாம். இப்படிச் செய்யாதே என்று பிராம்ப்ட்டில் எழுதிவைப்பது பூட்டு ஆகாது. படிக்க மட்டும் அனுமதியுள்ள டேட்டாபேஸ் கணக்கைக் கொடுங்கள்.

பதிப்பு மாறும் நாள்

அந்தத் திங்கட்கிழமை அவசரத்துக்குப் பழைய பதிப்பு எண்ணைப் போட்டு ஏஜென்டை எழுப்பிவிட்டேன். முறையாக 1.0க்கு மாற்ற உட்கார்ந்தபோது நான்கு நாள் பிடித்தது. டூல், விலைக் கணக்கு, மெயில் வடிவம் என்று எல்லாக் கோப்பிலும் லாங்செயின் இம்போர்ட் இருந்தது. அதற்குப் பின் எழுதியதில் டூல்கள் வெறும் பைத்தான் ஃபங்ஷன்கள். அவற்றை ஏஜென்டோடு கோக்கும் ஒரே ஒரு கோப்புக்குத்தான் லாங்செயின் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள், டூல் ஃபங்ஷனின் தலைப்பில் எழுதும் விளக்கம், அதாவது டாக்ஸ்ட்ரிங், மாடலுக்குப் போகிறது. அழகுக்காக அதைத் திருத்துவதும் பிராம்ப்ட்டைத் திருத்துவதுதான்.

பதிப்பு ஏற்றும் முன் ஓட்டிப் பார்க்க, உண்மையான உரையாடல்களில் முப்பதைப் பெயர், எண்களை நீக்கி எடுத்து வைத்திருக்கிறேன். பதிலின் வாசகத்தை ஒப்பிடுவதில்லை, அது ஒவ்வொரு முறையும் மாறும். எந்த டூல் கூப்பிடப்பட்டது, எந்த உள்ளீட்டோடு, எத்தனை சுற்று என்று மட்டும் பார்க்கிறேன். மாடலையும் ஃப்ரேம்வொர்க்கையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது. போன முறை இந்த முப்பதில் இரண்டு தேறவில்லை. புது மாடல் ஆர்டரைத் தேடுவதையும் ரத்து செய்வதையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருந்தது, என் டூல்களோ ஒன்று முடிந்தபின்தான் மற்றது வரும் என்று நம்பி எழுதியவை. இப்போது ரத்து செய்யும் டூல், ஆர்டர் எண் சரிதானா என்று தானே முதலில் தேடிப் பார்த்துக்கொள்கிறது.