மோடம், நெட்வொர்க் நிறுவனப் பங்குகள்: வாங்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு

இணையப் பயன்பாடு கூடிக்கொண்டே போகிறது, அதனால் இந்தத் துறையில் எந்தப் பங்கை வாங்கினாலும் லாபம்தான் என்று நினைத்து இறங்குபவர்கள் பலர். நெட்வொர்க் கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனமான சிஸ்கோவைப் பாருங்கள். 2000 மார்ச்சில் உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனம் அதுதான். அடுத்த இரண்டரை ஆண்டுகளில் பங்கு விலை 80 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. நிறுவனம் மூழ்கவில்லை, பிற்காலத்தில் விற்பனையும் பல மடங்கு உயர்ந்தது. ஆனாலும் அந்தப் பழைய உச்சத்தைப் பங்கு தாண்டியது 2025 டிசம்பரில்தான். துறை வளர்வது வேறு, நாம் கொடுத்த விலைக்குப் பலன் கிடைப்பது வேறு.

படி 1: நிறுவனம் எந்த அடுக்கில் இருக்கிறது?

மோடத்துக்குள் இருக்கும் சிப்பை வடிவமைப்பவை குவால்காம், மீடியாடெக், பிராட்காம் போன்றவை. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் டேட்டா சென்டர்களுக்கும் பெரிய கருவிகள் விற்பவை எரிக்சன், நோக்கியா, சிஸ்கோ, அரிஸ்டா. வீட்டு ரவுட்டர் விற்பவை நெட்கியர் போன்றவை. பொதுவாக, வீட்டு ரவுட்டரில் லாப விகிதம் குறைவு, விலைப் போட்டி கடுமை. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த அடுக்கைக் கடைசியாகப் பார்ப்பதே நல்லது. ஹுவாவே பெரிய நிறுவனம்தான், ஆனால் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அதன் பங்கை வாங்க முடியாது.

குவால்காமுக்கு இரண்டு வருமானங்கள்: ஒன்று சிப் விற்பனை, இன்னொன்று காப்புரிமைக்கு வரும் ராயல்டி. ராயல்டி தொகையில் சிறியது, லாப விகிதத்தில் மிகப் பெரியது. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

படி 2: ஆண்டறிக்கையில் வாடிக்கையாளர் பகுதி

அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் '10-கே' எனப்படும் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கும். விற்பனையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அங்குள்ள கணக்கியல் விதி. அரிஸ்டாவின் அறிக்கையில் மைக்ரோசாஃப்ட், மெட்டா இரண்டும் அப்படித்தான் இடம்பெறுகின்றன. அவர்களில் ஒருவர் செலவைத் தள்ளிப்போட்டாலே அந்தக் காலாண்டு ஆட்டம் காணும்.

வாடிக்கையாளரே போட்டியாளராக மாறுவதும் நடக்கும். 2019 ஜூலையில் இன்டெலின் ஸ்மார்ட்போன் மோடம் பிரிவை 100 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக குவால்காமின் வாடிக்கையாளரான ஆப்பிள் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் ஐபோன் 16இ-யில் சொந்த மோடமான சி1 வந்தது. குவால்காம் பங்கு வைத்திருந்தவர்களுக்கு யோசிக்க ஐந்தரை ஆண்டு அவகாசம் இருந்தது.

படி 3: சரக்கிருப்பு நாட்கள்

இந்தத் துறையில் ஒரே ஒரு கணக்கைத்தான் போட முடியும் என்றால் இதைப் போடுங்கள். சரக்கிருப்பை விற்ற பொருளின் அடக்கச் செலவால் வகுத்து 365-ஆல் பெருக்கவும். சரக்கிருப்பு 30 கோடி, ஆண்டு அடக்கம் 120 கோடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 91 நாள். அடுத்த ஆண்டு சரக்கிருப்பு 45 கோடி, அடக்கம் 125 கோடி என்றால் 131 நாள். விற்பனை கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் கிடங்கு அதைவிட வேகமாக நிரம்புகிறது.

ஏன் இப்படி? சிப் தட்டுப்பாடு வந்தால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தேவைக்கு மேல் ஆர்டர் போடுகின்றன. தயாரிப்பாளர் அதை நிஜத் தேவை என்று நம்பி உதிரிபாகங்களை வாங்கிக் குவிக்கிறார். பின்னர் வாடிக்கையாளர் கையிருப்பைத் தீர்க்கும்வரை ஆர்டர் நின்றுபோகிறது. 2021, 2022-இல் குவிந்த ஆர்டர்களுக்குப் பிறகு 2023-இல் பலருக்கு நேர்ந்தது இதுதான். 2001-இல் சிஸ்கோ 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட சரக்கை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது.

சரக்கிருப்போடு நிற்காமல், சப்ளையர்களுக்குக் கொடுத்திருக்கும் கொள்முதல் உறுதிகளையும் அடிக்குறிப்பில் தேடுங்கள். வர வேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறினால், கடனுக்கு விற்று கணக்கைப் பெருக்குகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 1990-களின் இறுதியில் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்களான லூசென்ட்டும் நார்டெலும் வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுத்தே கருவி விற்றன. நார்டெல் 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது.

படி 4: விலை

விலை-வருவாய் விகிதம் (பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தது) இங்கே ஏமாற்றும். ஆர்டர் உச்சத்தில் இருக்கும்போது லாபம் பெருத்திருக்கும், பங்கு மலிவாகத் தெரியும். ஐந்து ஆண்டுகளின் சராசரி ரொக்க வரவை எடுங்கள். அதாவது, செயல்பாட்டில் வந்த பணத்திலிருந்து மூலதனச் செலவைக் கழித்தது. ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த சம்பளத்தையும் கழியுங்கள். சிப் நிறுவனங்களில் அது சின்னத் தொகை அல்ல. சந்தை மதிப்பை இந்தச் சராசரியால் வகுத்து வரும் எண்ணை வைத்துப் போட்டியாளர்களோடு ஒப்பிடலாம்.

படி 5: வாங்குவது

மொத்த முதலீட்டில் ஒரு நிறுவனத்துக்கு 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அதையும் மூன்று, நான்கு காலாண்டுகளாகப் பிரித்து, நீங்களே உச்ச விலை குறிக்கும் லிமிட் ஆர்டரில் வாங்குங்கள். காலாண்டு முடிவு வெளியாகும் நாளில் வாங்காதீர்கள். விலை தாறுமாறாக ஆடும்.

வாங்கிய அன்றே எந்தக் காரணத்துக்காக விற்பீர்கள் என்று எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு காலாண்டிலும் சரக்கிருப்பு நாட்கள், பெரிய வாடிக்கையாளரின் பங்கு, மொத்த லாப விகிதம் (விற்பனையில் அடக்கச் செலவு போக மிஞ்சும் சதவீதம்) மூன்றையும் ஒரே தாளில் குறித்து வாருங்கள். காலாண்டுக் கணக்குக்கு அந்தக் காலாண்டின் அடக்கச் செலவை எடுத்து, 365-க்குப் பதில் 91-ஆல் பெருக்குங்கள். இரண்டு காலாண்டு தொடர்ந்து சரக்கிருப்பு நாட்கள் ஏறி, லாப விகிதமும் இறங்கினால் அடுத்த தவணையை நிறுத்தி வையுங்கள்.