ஊனச் சான்றை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்

போன வாரம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் என் வழக்கு எண்ணைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். ஓர் இளம் வக்கீல் டாக்டரை விசாரித்துக்கொண்டிருந்தார். "ஊனம் 40 சதவீதமா?" "ஆமாம்." சான்றை ஆவணமாகக் குறித்துக்கொண்டார்கள், டாக்டர் இறங்கிப் போய்விட்டார். மொத்தம் மூன்று நிமிடம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்ததும் அச்சு அசல் இதேதான்.

விபத்து இழப்பீட்டு வழக்கில் வக்கீல்கள் செய்யும் தவறுகளைத்தான் சொல்ல வந்தேன். எஃப்.ஐ.ஆர். நகலை இணைக்காமல் விடுவது, பாலிசி எண்ணைத் தப்பாக எழுதுவது எல்லாம் குமாஸ்தாவே பிடித்துவிடுவார். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

சதவீதத்தோடு நின்றுவிடுவது

என் கட்சிக்காரர் லாரி டிரைவர், வயது 35, மாதம் 12,000 ரூபாய் சம்பளம். விபத்துக்குப் பிறகு வலது முழங்கால் மடங்கவில்லை. டாக்டர் 40 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார். அதைத் தாக்கல் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். தீர்ப்பாயம் சதவீதத்துக்கு 3,000 வீதம் பெருக்கி 1,20,000 ரூபாய் கொடுத்தது.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு. இடது கை போன ஒருவருக்கு ஊனம் 60 சதவீதம் என்றால், அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம். நான் அந்தத் தீர்ப்பைப் படித்திருந்தேன். என் வழக்கில்தான் பயன்படுத்தத் தெரியவில்லை.

இன்றைய விதிப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி (2017) தீர்ப்புப்படி, நாற்பது வயதுக்குள் இருப்பவரின் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 16,800. பெருக்கி என்பது வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துச் சொல்லும் எண்; சரளா வர்மா (2009) தீர்ப்பின் அட்டவணையில் 35 வயதுக்கு அது 16. காயப்பட்டவர் உயிரோடு இருப்பதால், இறந்தவர் வழக்கில் செய்வதுபோல் சொந்தச் செலவுக்கென்று வருமானத்தில் கழிப்பது கிடையாது. வருமானம் முழுவதும் போயிற்று என்று நிரூபித்தால் 32,25,600. வெறும் 40 சதவீத இழப்பு என்றால்கூட 12,90,240. வாங்கிக் கொடுத்தது 1,20,000!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "இந்தக் காலால் பிரேக்கை அழுத்தி மிதிக்க முடியுமா?" என்று டாக்டரிடம் ஒரு கேள்வி. லாரி முதலாளியைக் கூண்டில் ஏற்றி, ஏன் வேலையை விட்டு நிறுத்தினார் என்று சொல்ல வைப்பது. கனரக ஓட்டுநர் உரிமத்தைத் தாக்கல் செய்வது. இவ்வளவுதான். மேல்முறையீட்டில் நீதிபதி, "ஓட்ட முடியாது என்பதற்கு சாட்சியம் எங்கே?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

சிகிச்சை செய்த டாக்டரையே அழையுங்கள். பார்க்காத நோயாளிக்கு எழுதித் தரும் ரெடிமேட் சான்றுகளைப் பற்றி அந்த ராஜ்குமார் தீர்ப்பே எச்சரிக்கிறது. பப்பு தேவ் யாதவ் (2020) வழக்கையும் படியுங்கள். வலது கை போன டைப்பிஸ்டுக்கு உயர் நீதிமன்றம் 45 சதவீத இழப்பு என்றது. உச்ச நீதிமன்றம் அதை 65 ஆக்கியது, எதிர்கால உயர்வும் கொடுத்தது.

அந்த டிரைவர் இப்போது சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறார். என்னைப் பார்த்தால் இன்றும் எழுந்து நிற்கப் பார்க்கிறார், அந்தக் காலோடு.

ஆறு மாதம்

2022 ஏப்ரல் 1 முதல் இழப்பீட்டு மனு போடுவதற்குக் கெடு விபத்திலிருந்து ஆறு மாதம். காலதாமதத்தை மட்டும் வைத்துத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாகச் சொல்லியிருக்கிறது. இடைக்காலம் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

பிரம்மச்சாரி இறந்த வழக்கு

பெருக்கிக்கு இறந்தவர் வயதுதான். இழப்பீடு கேட்கும் அம்மாவின் வயது அல்ல.

இரவல் பைக்

நண்பனின் பைக்கை வாங்கி ஓட்டித் தானே சறுக்கி விழுந்தவருக்கு, அந்த பைக்கின் இன்சூரன்ஸ் மீது மூன்றாம் நபர் இழப்பீடு கேட்டு மனு போடாதீர்கள். ராம்கிலாடி (2020) தீர்ப்பு அவரை மூன்றாம் நபராக அல்ல, உரிமையாளர் இடத்தில் வைக்கிறது. தனிநபர் விபத்துக் காப்பு இருந்தால் அது மட்டும்தான்.

40,000

துணையை இழந்ததற்கு இன்னும் 40,000 என்றே மனுவில் எழுதுகிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூடும் என்று பிரணய் சேத்தியிலேயே இருக்கிறது.

அந்த இளம் வக்கீலை வராண்டாவில் பிடித்து, டாக்டரைத் திரும்ப அழைக்க மனு போடுங்கள் தம்பி என்றேன். "சான்று மார்க் ஆயிடுச்சே சார்" என்றார். அடுத்த வாய்தா 18-ஆம் தேதி.