ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேச ஓர் எளிய வழி

தமிழில் ‘சென்னையைவிட வேலூர் வெப்பமானது’ என்று சொல்லும்போது, ஒப்பீட்டைச் சுமப்பது ‘விட’ என்ற சொல்தான்; ‘வெப்பமானது’ உருமாறாமல் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்திலோ ‘விட’ என்பதற்கு ‘தன்’ வருவதோடு, ‘ஹாட்’ என்ற பண்புச்சொல்லும் ‘ஹாட்டர்’ என மாற வேண்டும் (எழுதும்போது ‘டி’ இரட்டிப்பதையும் மறக்கக் கூடாது). நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான்.

ஓரசைச் சொற்களுக்கும், ‘ஒய்’ எழுத்தில் முடியும் ஈரசைச் சொற்களுக்கும் ‘அர்’, ‘எஸ்ட்’ என்ற விகுதிகள் போதும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளு கத்தரிக்காயைப் புகழ வேண்டுமானால், ‘டேஸ்டி’ என்பதன் இறுதியிலுள்ள ‘ஒய்’ எழுத்தை ‘ஐ’ ஆக்கி ‘டேஸ்டியர்’, ‘டேஸ்டியஸ்ட்’ என்கிறோம். ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீண்ட சொற்களுக்கு முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ வரும். இரண்டையும் ஒருசேரப் போட்டு ‘மோர் பெட்டர்’ என்பது, என் காதுக்கு, சாம்பாரில் இருமுறை உப்புப் போட்டது போல.

பெரியவர்களும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. வேலூர்க் கோட்டையைப் பற்றி ‘ஒன் ஆஃப் தி ஃபைனஸ்ட் ஃபோர்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். பல கோட்டைகளுள் ஒன்று என்பதால் ‘ஃபோர்ட்ஸ்’ என்ற பன்மையே சரி. காட்பாடியிலிருந்து பேருந்தில் வரும்போது, சன்னலில் தெரியும் இரண்டு கடைகளையோ மூன்று மலைகளையோ ஒப்பிட்டு நாளுக்கு ஐந்து வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.