ஆணியில் செம்பு படிவது எப்படி: இடப்பெயர்ச்சி வினையைச் செய்து பார்த்துப் புரிந்துகொள்ள

பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, காரீயம், ஹைட்ரஜன், செம்பு, பாதரசம், வெள்ளி, தங்கம். இது வினைத்திறன் வரிசை. இதில் முன்னால், அதாவது மேலே உள்ளது, பின்னால், அதாவது கீழே உள்ளதை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றும். விதி அவ்வளவுதான். ஆனால் உலோகத்தின் மேற்பரப்பு சுத்தமா, கரைசலில் அயனி (மின்னூட்டம் பெற்ற அணு) இருக்கிறதா என்று பார்க்காமல் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தால், சோதனைக் குழாயில் நடப்பது புரியாது.

100 மில்லி நீரில் 2.5 கிராம் காப்பர் சல்பேட்டை, அதாவது மயில்துத்தத்தை, கரையுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் கடினநீர். அதில் கரைத்தால் வெளிர்நீலமாகக் கலங்கலாம். காய்ச்சி வடித்த நீரே நல்லது. கண்ணில் படவே கூடாது, வாயில் வைக்கவே கூடாது, நச்சு.

இரண்டு அங்குல இரும்பு ஆணியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, சோப்பு போட்டு எண்ணெயைக் கழுவுங்கள். 10 மில்லி கரைசலில் ஆணியை இறக்குங்கள். பக்கத்தில் ஆணி போடாத ஒரு குழாயும் இருக்கட்டும். அதோடு ஒப்பிட்டால்தான் நிறமாற்றம் தெரியும். சில நிமிடங்களில் செம்பழுப்புப் படலம் ஏறும். அரை மணி நேரத்தில் நீலம் லேசாக வெளிறும். முழுக்க வெளிர்பச்சையாக மாற ஒரு ராத்திரி ஆகும்.

இரும்பு + காப்பர் சல்பேட் → ஃபெரஸ் சல்பேட் + செம்பு

இரும்பணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டு அயனியாகிக் கரைகிறது; செம்பு அயனி அவற்றை வாங்கி உலோகமாகப் படிகிறது. சல்பேட் வேடிக்கைதான் பார்க்கிறது. 10 மில்லியில் உள்ள செம்பு முழுவதையும் வெளியேற்ற 0.056 கிராம் இரும்பே போதும். ஆணி தேய்ந்து மறையாதது ஏன் என்று இதிலிருந்தே விளங்கும். மறுநாள் பச்சைக்குப் பதில் மஞ்சள் கலங்கல் தெரிந்தால் வினை தப்பில்லை. ஃபெரஸ் உப்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது.

ஆணிதான் பெரும்பாலும் காலை வாரும். துத்தநாகம் பூசிய ஆணி என்றால் முதலில் வினைபுரிவது துத்தநாகம்: கருப்பாக ஏதோ படியும், பச்சை வராது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரில் குரோமியம் ஆக்சைடு படலம் இருப்பதால் ஒன்றுமே நடக்காது.

அலுமினியம் இரும்புக்கும் மேலே இருக்கிறது. ஆனாலும் சமையல் ஃபாயில் துண்டைப் போட்டால் நெடுநேரம் சும்மா கிடக்கும். தடுப்பது அதன் ஆக்சைடு படலம். ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள்: குளோரைடு அந்தப் படலத்தைக் குலைக்க, குமிழி விட்டுச் சூடேறி, செம்பு உதிரும். குமிழியில் ஹைட்ரஜன் உண்டு, நெருப்பு அருகே வேண்டாம்.

வரிசையின் உச்சிக்கு அருகில் உள்ள சோடியத்தைப் போட்டால் என்ன ஆகும் என்பது நல்ல தேர்வுக் கேள்வி. செம்பு படியாது, சோடியம் முதலில் நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகி, நீலநிறக் காப்பர் ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்கும். இதைச் செய்து பார்க்காதீர்கள், வெடிக்கும்.

அயனி இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை மாந்தோப்பிலும் தக்காளிக் காட்டிலும் கிடைக்கும். பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை ஒரு சதவீதத்தில் வேண்டுமானால் ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு கலப்பார்கள். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுக்கும்போது செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை என்று பொருள். இன்னும் சுண்ணாம்புத் தெளிவு சேர்ப்பார்கள். செம்பு முழுதும் கரையாத ஹைட்ராக்சைடாக மாறிவிட்டால் வெளியேற்ற அயனியே இல்லை, கத்தி அப்படியே இருக்கும். மயில்துத்தத்தை இரும்பு டிரம்மில் கரைக்கக் கூடாது என்பதற்கும் இதே வினைதான் காரணம்.

மீந்த கரைசலைக் கிணற்றிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள், மீன் செத்துப்போகும். பழைய ஆணிகளைப் போட்டு நீலம் போகும்வரை வைத்து, செம்பை வடிகட்டிவிட்டு, நிறைய நீர் கலந்து அப்புறப்படுத்துங்கள்.