காரைக்குடியிலிருந்து எம்.டி. நாற்காலி வரை

காரைக்குடி அழகப்பா செட்டியார் இன்ஜினியரிங் காலேஜ் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: கார் கம்பெனிகளுக்கு சென்சார், பிரேக் கன்ட்ரோல் செய்து கொடுக்கிற நிறுவனத்துக்கு எம்.டி. ஆவது எப்படி?

வழி நம் ஊருக்குப் பழகியதுதான். பர்மாவுக்கு வட்டிக்கடைக்குப் போன பிள்ளை பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள் ஆனார். நீங்களும் முதலில் தரக் கட்டுப்பாட்டில் சேருங்கள். திரும்பி வந்த பாகத்தை லென்ஸுக்கு அடியில் வைத்து, சால்டரிங் எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்து, வாடிக்கையாளர் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டாலும் அசராமல் பதில் சொல்ல வேண்டும். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். கார் பாகத் தயாரிப்புக்கான தர விதியான ஐ.ஏ.டி.எஃப் 16949-க்கு ஆடிட்டர் பயிற்சியையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

பிறகு விற்பனைக்கு மாறுங்கள். ஆர்டர் கிடைத்து பாகம் கார் கம்பெனியின் உற்பத்தி லைனுக்குப் போகவே இரண்டு மூன்று வருஷம் ஆகலாம், அதற்கப்புறம் வருஷாவருஷம் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், ஆகவே கொட்டேஷன் போடும்போதே அதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) படிக்கத் தெரியாத இன்ஜினியர் பாதியிலேயே நின்றுவிடுவார்.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1949-ல் சைக்கிளில் ஆரம்பித்து, பின்னால் கார் கதவுச் சட்டம் வரை போனது. சரி, வேலைக்காகச் சென்னைக்குப் போக ரொம்ப யோசிக்காதீர்கள், பல்லவன் எக்ஸ்பிரஸ் விடிகாலையில் நம் ஸ்டேஷனிலிருந்தே கிளம்புகிறது.