வீட்டு வாசலிலேயே என்ஜின் மாற்றினேன்

1971 மாடல் வோக்ஸ்வாகன் கேம்பர் வேன், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி. துருவை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்வதில்தான் உயிர் போனது. என்ஜின் வேலை அதைவிடச் சுலபம். பின்னால் இருக்கும் 1600 சிசி என்ஜினை கியர்பாக்ஸோடு பிணைப்பவை நான்கு போல்ட்டுகளே. பின்புறம் ஒரு தாங்கு சட்டமும் உண்டு. பேட்டரி, பெட்ரோல் குழாய், கேபிள்கள், ஒயர்கள் எல்லாம் கழற்றி, ஜாக்கில் தாங்கிப் பின்னால் இழுத்தால் வந்துவிடும்.

சரி, முக்கியமானது ரப்பர் பட்டை. என்ஜின் காற்றால்தான் குளிர்கிறது. என்ஜின் அறையைச் சுற்றியுள்ள அந்தப் பட்டை காய்ந்து கிழிந்திருந்தால், கீழே போன சூடான காற்றையே விசிறி மறுபடி இழுக்கும். பலர் இதைச் சட்டை செய்வதில்லை. புதுப் பட்டை போட்டேன். அப்புறம் மாற்று என்ஜினைப் பொருத்தி, 2.5 லிட்டர் ஆயில் ஊற்றி, என்ஜின் ஆறியிருக்கும்போதே வால்வு இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) 0.15 மி.மீ. வைத்தேன். சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது.